நாரை சொன்ன செய்தி

அன்று அந்த அறையில் முதலில் சிரித்தது யார் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டோபி கில்க்ரிஸ்ட்தான் என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, மார்லா ஸாபோதான் முதலில் சிரித்தாள், அவள் சிரித்ததால்தான் மற்றவர்களும் கூச்சமில்லாமல் சிரித்தார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். மார்லாவைக் கேட்டால், "வாயிலேருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அது சிரிப்பான்னு தெரியல" என்கிறாள். நடந்ததையும் பின்னால் தொலைக்காட்சியில் வந்ததையும் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் கலந்துவிட்டார்கள். இங்கே சொல்லப்படுவது மட்டும் அந்தக் கலப்பிலிருந்து தப்பியிருக்கும் என்று தோன்றவில்லை.

ஆனால் அறை நன்றாக நினைவிருக்கிறது. பர்பாங்க்கில் ஸ்டூடியோவின் பின்கட்டடத்தில் ஜன்னலே இல்லாத அறை. நீள மேசை, அதன் நடுவில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் பேகல் ரொட்டிகள், சிவப்பு மிட்டாய்க் கயிறுகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தது 'ஹாகர்ட்டி வீடு' என்ற கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர். தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அமெரிக்காவில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள்.

அந்தத் தொடரில் ஒருவன் படியிலிருந்து விழுந்தால் வெறுமனே விழமாட்டான். பழைய மௌனப் படம் ஒன்றில் யாரோ விழுந்தது போல விழுவான். மனைவி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால், போர்ப் படம் ஒன்றில் கோட்டைக் கதவு சாத்தப்பட்டபோது ஒலித்த இசை பின்னால் ஒலிக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் வேறொரு காட்சி நிற்கும். பின்னால் நிற்பதற்கு அந்த அறையில் 'அசல்' என்று பெயர். "இதுக்கு அசல் என்ன?" என்பதுதான் அங்கே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. பார்ப்பவன் அசலைக் கண்டுபிடித்துவிட்டால் தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்புக்காகவே அடுத்த வாரமும் வந்து உட்காருவான்.

அறைக்கு ஒரே ஒரு சட்டம். மாற்று இல்லாமல் மறுப்பு இல்லை. ஒரு நகைச்சுவை பிடிக்கவில்லை என்றால் அதைவிட நல்லதைச் சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்று மட்டும் சொல்பவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தொடரை நடத்திய மிட்ச் ராபக்கின் இதைக் கத்தாமல், பொறுமையாக, பல் மருத்துவரைப் போலச் சொல்வார். மேசையின் கடைசியில் வெர்னா உட்கார்ந்திருப்பாள். ஐம்பதைத் தாண்டிய பெண், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்தவள். அறையில் யார் எதைச் சொன்னாலும், இருமலைத் தவிர, அவள் தட்டச்சு செய்துவிடுவாள். மறுநாள் காலை அது பக்கங்களாகி ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும். எந்த உளறலுக்குள் எந்தச் சிரிப்பு ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

டோபி அன்று ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான். அப்போதெல்லாம் நகைச்சுவை எழுதுபவர்களுக்குள் இப்படிப்பட்ட கேசட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். நேரடி ஒளிபரப்பில் விழுந்தவர்கள், உளறியவர்கள், ஆட்டிடம் கடி வாங்கிய செய்தியாளர்கள். நகலின் நகலாக, படம் பனி பெய்தது போல இருக்கும்.

"இதப் பாருங்க," என்றான் டோபி. "எங்கேயோ ஒஹையோவாம், அறுபதுகள்ல. ஆளு யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. சத்தியமாச் சொல்றேன், மனுஷன் செஞ்சதுலயே இதுதான் உச்சம்."

கலங்கரை விளக்கம் வரைந்த ஒரு திரைச்சீலை. அதன் முன்னால் மாலுமித் தொப்பி போட்ட ஒருவர். வலது கையில் துணியால் செய்த நாரை. அன்று பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு அட்டையை எடுத்தார். "ஸ்டீவிக்கு இன்னிக்கு அஞ்சு வயசு" என்று வாசித்தார். நிறுத்தினார். மறுபடி வாசிக்க வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அப்போது நாரை பேசியது. தன் கீச்சுக்குரலில், "ஸ்டீவி வரமாட்டான், லெஸ். ஸ்டீவி செத்துப்போயிட்டான்" என்றது. அவர் விம்மினார். நாரை தன் துணி அலகால் அவருடைய மூக்கைத் துடைத்தது. பிறகு நாரையும் அழுதது. கேமராவை யாரும் திருப்பவில்லை.

அறையே குலுங்கியது. ஒருவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "மறுபடி போடு, அந்த மூக்கைத் துடைக்கிறத மறுபடி போடு" என்றார் மிட்ச்.

லெஸ் ஸாபோ மார்லாவின் அப்பா. ஒஹையோவின் டொலிடோ நகரில் உள்ளூர் தொலைக்காட்சி நிலையத்தில் 'விளக்குக்கார லெஸ்' என்ற பெயரில் மாலை நேரத்தில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியவர். ஸ்டீவி அவளுடைய தம்பி. அந்தப் பிறந்தநாள் அட்டையை அம்மா வெகுநாள் முன்பே நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். அவன் இறந்த பிறகு அதை அட்டைக் கட்டுக்குள்ளிருந்து எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

மார்லா அந்த நிமிடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் என்னவென்று சொல்வது? அது அந்தத் தொடரில் அவளுடைய முதல் பருவம், முதல் வருடம். மேசையில் இருந்த ஒரே பெண் எழுத்தாளர் அவள்தான். கண்ணில் நீர் வந்தால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

மாலைக்குள் அது கதைக்குள் வந்துவிட்டது. ஹாகர்ட்டி ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் வேலைக்குச் சேர்கிறான், கையில் பொம்மையோடு நேரடி ஒளிபரப்பில் உடைந்து அழுகிறான். முறைப்படி அந்த வாரக் கதை மார்லாவுடையது. கதையை எல்லாரும் சேர்ந்துதான் எழுதுவார்கள், ஆனால் திரையில் பெயர் முறை வைத்து வரும். 'எழுதியவர்: மார்லா ஸாபோ.' அவள் பெயர் திரையில் வரப்போவது அதுதான் முதல் தடவை. அதற்காகவே ஞாயிறுதோறும் டொலிடோவில் ஒரு கிழவர் தட்டில் வறுத்த மீனோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, முடிவில் ஓடும் பெயர்களை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்.

அவள் அறையின் சட்டப்படியே போராடினாள். மாற்று சொன்னாள். ஹாகர்ட்டி வானிலை வாசிக்கட்டும் என்றாள். சமையல் நிகழ்ச்சி என்றாள். பொம்மை அவனை வேலையை விட்டுத் தூக்கட்டும் என்றாள். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது, இரண்டு பேர் சிரித்தார்கள். மிட்ச் தாடையைச் சொறிந்தார். "நல்லாருக்கு. ஆனா அந்த மூக்கை அடிச்சுக்க முடியல."

"அத யாருமே பார்த்ததில்லையே, மிட்ச். அசல் தெரியாத கேலிய யாரு ரசிப்பா?"

"நூறு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். மத்தவன் தெரிஞ்ச மாதிரி சிரிப்பான்."

நாள் முழுவதும் இப்படியே போனது. மறுநாளும். தன் அப்பாவின் அழுகையைவிடச் சிரிப்பான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவளுக்கு அந்த அறை வைத்த பரீட்சை. கடைசியில் டோபி நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "மார்லா, உனக்கு ஏன் அந்தப் பறவைமேல இவ்வளவு காண்டு? பழைய காதலனா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"அது எங்கப்பா," என்றாள்.

அதற்கும் ஒருவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அது எங்கப்பாடா, முட்டாளே. செத்தது என் தம்பி. எனக்கு அப்ப ஏழு வயசு. என்னை எங்க அத்தை வீட்டுல விட்டிருந்தாங்க. ஸ்டீவி ஆஸ்பத்திரியில இருக்கான், சீக்கிரம் வந்துடுவான்னு சொல்லி வச்சிருந்தாங்க. சவ அடக்கம்கூட முடிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குத் தரையில உக்காந்து பாலும் பிஸ்கட்டும் தின்னுக்கிட்டே அப்பா நிகழ்ச்சியப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த நாரை சொல்லித்தான் என் தம்பி செத்தது எனக்குத் தெரியும். ராத்திரி அம்மாவும் அப்பாவும் வந்து ரெண்டு பக்கமும் உக்காந்து மெதுவா சொன்னாங்க. நான் அப்பதான் கேக்கிற மாதிரி அழுதேன். அவங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அம்மா தெரியாமயே போயிட்டா. அப்பாவுக்கும் தெரிய வேண்டாம். சிரிங்க. இப்ப சிரிங்க பார்ப்போம்."

டோபி மேசையில் ஒரு மிட்டாய்க் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். மிட்ச் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "ஸாரிம்மா. இன்னிக்குப் போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவள் நன்றியோடு போனாள். வண்டி நிறுத்துமிடத்தில் ஊதா நிற ஜக்கரண்டாப் பூக்கள் வண்டிக் கண்ணாடியெல்லாம் அப்பியிருந்தன. அவற்றைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கிளம்பினாள். தான் பேசி முடிக்கும்வரை இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய சத்தம் யார் காதிலும் ஏறாது. வெர்னா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பக்கங்கள் வந்தன. காட்சி அப்படியே இருந்தது, ஒன்று மட்டும் கூடியிருந்தது. ஹாகர்ட்டியின் மகள் பெக்ஸ் தரையில் உட்கார்ந்து பாலும் பிஸ்கட்டும் தின்றுகொண்டே நிகழ்ச்சியைப் பார்க்கிறாள். தன் தம்பி செத்த செய்தியை நாரை சொல்லித் தெரிந்துகொள்கிறாள். இரவு பெற்றோர் வந்து சொல்லும்போது அப்போதுதான் கேட்பது போல அழுகிறாள். செத்தது உண்மையில் தம்பி அல்ல, வெள்ளெலி என்று கடைசியில் தெரிகிறது. ஸ்டீவி என்ற பெயரைக்கூட அவர்கள் மாற்றவில்லை.

மார்லா மிட்சின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தாள்.

"என்ன இது?"

"கதவைச் சாத்து. உக்காரு."

"உக்கார மாட்டேன். என்ன இது, மிட்ச்?"

"இந்தத் தொடர்ல இதுவரைக்கும் எழுதினதுலயே நல்ல காட்சி இது," என்றார் அவர். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. "நீ சொன்னப்புறம் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. வெறும் பொம்மையா இருந்ததுக்கு உயிர் வந்துடுச்சு. நீ கொடுத்தே."

"நான் கொடுக்கல. நான் நிறுத்தச் சொன்னேன்."

"அறையில சொன்னது அறைக்குச் சொந்தம். உனக்குத் தெரியாதா? என் விவாகரத்து ரெண்டு பருவம் ஓடுச்சு. டோபியோட அம்மா குடிச்சது கிறிஸ்மஸ் கதையாச்சு. அவன் வாயத் திறந்தானா?"

அவள் வெளியே வந்தாள். வெர்னா தன் இடத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீகூடவா, வெர்னா?"

"யார் பேசினாலும் டைப் அடிப்பேன், கண்ணு," என்றாள் வெர்னா. "யாரும் நிறுத்துன்னு சொல்லல. நீயும் சொல்லல."

அந்த வாரம் நடிகர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். எழுத்தாளர்கள் சுவரோரம் நின்று, சிரிப்பு எழும் இடங்களில் பென்சிலால் டிக் போடுவது வழக்கம். டிக் இல்லாத வரி வெட்டப்படும். பெக்ஸுக்குக் குரல் கொடுத்த நடிகைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பிஸ்கட் கடிக்கும் குரலில் அவள், "ஸ்டீவி ஆஸ்பத்திரியிலதானே இருக்கான்?" என்றபோது கூடம் மூச்சு விடவில்லை. அடுத்த வரியில் நாரை மூக்கைத் துடைத்தது. கூடம் வெடித்தது. மார்லாவுக்குப் பக்கத்தில் டோபியின் பென்சில் மூன்று டிக் போட்டது. அந்தப் பென்சிலைப் பிடுங்கி அவன் கையிலேயே குத்தலாமா என்று அவள் யோசித்தாள். விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே யோசித்தாள்.

குத்தாமல் அவள் வேறொன்று செய்தாள். குத்தியிருந்தால்கூட அவர்கள் மன்னித்திருப்பார்கள். அவள் மாடி ஏறி, ஸ்டூடியோவின் வழக்கறிஞர் ஜானிஸ் உயேதாவிடம் போனாள். அறையில் நடப்பதை மாடிக்குக் கொண்டுபோனவர்கள் அந்த ஊரில் அடுத்த பருவம் வேலை பார்த்ததில்லை. அது தெரிந்தே போனாள்.

"இந்த ஆள் நிஜமான ஆளா?" என்றாள் ஜானிஸ், பக்கங்களைப் புரட்டியபடி. "கேசட்டுல இருக்கிறது யாருன்னு தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே."

"பொய். எங்கப்பா. உயிரோட இருக்காரு. இதோ விலாசம்."

"பிரபலமா?"

"டொலிடோவுல கிழவிங்களுக்குத் தெரியும்."

ஜானிஸ் பேனாவை மூடினாள். "நல்ல வேளை சொன்னீங்க. அவர் சம்மதம் இல்லாம இது வெளிய போகாது."

அன்று மாலை மார்லா வீட்டுக்குப் போகும் வழியில் வண்டிக்குள் தனியாகக் கத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்பாவிடம் அவளே பேசி, 'ஏதோ ஒரு காகிதம் வந்தா கையெழுத்துப் போடாதீங்க' என்று மட்டும் சொல்லிவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று இரண்டு நாள் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கும் அவ்வளவு நேரம் பிடிக்கும். மிட்சுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது. அவர் அன்றைக்கே ஜானிஸிடம் விலாசம் வாங்கி, விமானத் தபாலில், சம்மதப் பத்திரத்தையும் காட்சியின் பக்கங்களையும் அனுப்பிவிட்டார். கூடவே கைப்பட ஒரு வரி: 'உங்கள் மகள் எழுதியது. நாங்கள் எல்லாரும் பெருமைப்படுகிறோம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கூப்பிட்டார்.

"மார்லி, அந்தக் காகிதம் வந்துச்சு. போட்டுட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"கையெழுத்து. போடாம? உன் பேர் வருதாமே. நாரைக்கு யார் குரல் குடுக்கிறா?"

அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அந்தக் கேசட்டு சுத்திக்கிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "கடையில ஒரு பையன் கேட்டான், 'நீங்கதானே அந்த அழுத ஆளு'ன்னு. ஆமாடான்னேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நான் பண்ணினதுதானே."

"ப்பா..."

"இரு. நான் முடிச்சுக்கிறேன்." இப்போது குரல் வேறாக இருந்தது. தொலைபேசியில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "அந்தப் பொண்ணு. தரையில உக்காந்திருக்கிறது. அது யாரு எழுதினது?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று. இனி எதையும் நிறுத்த முடியாது. அப்பாவுக்கு உண்மை தெரிவதை மட்டும்தான் இன்னும் நிறுத்தலாம். 'டோபி எழுதினது' என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் மிட்ச் எழுதிய அந்த ஒரு வரி அங்கே அப்பா கையில் இருந்தது.

"நான்தான்."

"அது நிஜமா, மார்லி?"

அந்தப் பக்கம் அவர் வீட்டுச் சமையலறையில் ரேடியோ ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"இல்ல ப்பா. கட்டினது. காட்சிக்காக."

"அப்படித்தான் நினைச்சேன்." ஒரு பெருமூச்சு. பிறகு அவர் மெல்ல மெல்லச் சூடானார். "உங்கம்மாவும் நானும் உன்னை நடுவுல உக்கார வச்சுச் சொன்னோம். உங்கம்மா என்ன சொல்லணும்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டே ஒத்திகை பார்த்தா. ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"அப்புறம் எப்படி இப்படி எழுத மனசு வந்துச்சு? என்னை என்ன வேணா பண்ணிக்கோ. அந்த ஆள் கோமாளி, அழுதான், சரி. உங்கம்மாவ ஏன் ஏமாந்தவளாக்கினே? செத்துப்போனவ. வந்து பதில் சொல்லவா போறா? ஒரு சிரிப்புக்காக இப்படி ஒரு பொய்யா?"

"மன்னிச்சுடுங்க ப்பா."

"கையெழுத்தத் திருப்பி வாங்கமாட்டேன். உன் வேலை கெடும். ஆனா இது கொடுமை, மார்லி. அந்த ஊர் உன்னைக் கொடுமைக்காரியாக்கிடுச்சு."

அவர் வைத்துவிட்டார். மார்லா தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வாழ்க்கையில் அவளுடையது என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஏழு வயதில் அப்போதுதான் கேட்பது போல அழுதது, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகச் செய்த ஒரே நல்ல காரியம். அதைக் கற்பனை என்று அவளே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை மிட்ச் கையெழுத்தான பத்திரத்தை மேசையில் வைத்து, "தங்கமான மனுஷன்" என்றார். "இப்ப சட்டப்படி சுத்தமாயிடுச்சு. உனக்கும் சந்தோஷம்தானே?"

மார்லா மேசையின் கடைசிவரை நடந்துபோனாள். "வெர்னா, கைய எடு."

வெர்னா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுவுமே முதல் தடவையா நடக்காது," என்றாள் மார்லா. அவள் கத்தவில்லை. "ஒருத்தன் உங்க முன்னாடி செத்தாக்கூட, இது எந்தப் படத்துல வந்ததுன்னு யோசிப்பீங்க. எங்கப்பா அழுதது எதையும் பார்த்து இல்ல. அவருக்குப் பின்னாடி அசல்னு ஒண்ணும் கிடையாது. அவர் பையன் செத்தான், அவர் அழுதாரு. அவ்வளவுதான். அது உங்களுக்குப் புரியாது. புரிஞ்ச மாதிரி சிரிப்பீங்க."

டோபி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிட்ச் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ இரண்டாம் காட்சிக்கு ஒரு மாற்று சொன்னார்கள். வெர்னா கைகளை மறுபடி மேலே கொண்டுவந்தாள்.

காட்சி கொரியாவுக்குப் போய் வரையப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு வந்தது. பிப்ரவரியில் ஒளிபரப்பானது. அந்த வருடத்தின் சிறந்த கதை என்று அதற்கு விருது கிடைத்தது. விருதை மிட்ச் போய் வாங்கினார். அவர் இப்போது மாலிபுவில் இருக்கிறார், எதுவும் எழுதுவதில்லை. டோபிக்குச் சொந்தமாக இரண்டு தொடர்கள் வந்தன, இரண்டும் நன்றாக ஓடின. வெர்னா ஓய்வுபெற்று ஃபிரெஸ்னோவில் தங்கையோடு இருக்கிறாள். ஜானிஸ் உயேதா வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள். அடுத்த பருவத்துக்கு மார்லாவை யாரும் அழைக்கவில்லை. வேறு எந்த அறையும் அழைக்கவில்லை. அவள் பாஸடீனாவில் தோல் மருத்துவர்களுக்கான பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துகிறாள். லெஸ் ஸாபோ அந்த ஞாயிறு அந்தக் கதையைப் பார்த்தார். அதன் பிறகு அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. மகளோடு பேசினார், பெரும்பாலும் வானிலையைப் பற்றி. ஆறு வருடங்களுக்குப் பிறகு இறந்தார். அந்தப் பெண் குழந்தையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பழைய கேசட் இப்போது இணையத்தில் இருக்கிறது. கார்ட்டூனைப் பார்த்து யாரோ நடித்த நகல் என்று அதன் கீழே எழுதுகிறார்கள். மூக்கைத் துடைக்கும் இடம் கார்ட்டூனில்தான் இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.